சந்தனம் வைத்த ரவுட்டர்

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் தூறல். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய முடிவு ஒன்றை இன்று எடுத்தேன். இன்டர்நெட் வரப்போகிறது. கேபிள்காரர் தரும் ரவுட்டர் வேண்டாம், நம் சொந்த ரவுட்டர்தான். கமலாவிடம் அறிவித்தேன். மாவு சலித்துக்கொண்டே "சரிங்க" என்றாள்.

காரணம் சாதாரணமானதல்ல. அவர்கள் பெட்டி என்றால் சாவியும் அவர்களிடம். கமலாவின் கணினியில் தை முகூர்த்தத்துக்கான பட்டுப்புடவை பார்டர் இருக்கிறது. குருவி வரிசை, நடுவில் ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கும். கோடை முழுவதும் கட்டம் கட்டமாக வரைந்தாள். சென்னைக் கடைக்காரர் கார்த்திகையில் வந்து பார்ப்பார். ஊரில் வேறு யாரிடமும் இல்லாத டிசைன் என்றால் வருஷம் முழுக்க நம் தறிகளுக்கு வேலை. யாரிடமாவது இருந்தால் கிடையாது. போன முறை வந்திருந்தபோது இதைச் சொல்லும்போது மட்டும் அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

போன தையில் பாதித் தறிகள் சும்மா நின்றன. மறுபடி அப்படி நின்றால் தாங்காது.

செப்டம்பர் 17, புதன்

வெயில். கேபிள்காரர் செல்வம் மொட்டை மாடி வழியாக ஒயர் இழுத்தார். சென்னையில் வாங்கி வந்த நம் ரவுட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த மாமியாரின் பார்வை.

"எங்க பெட்டின்னா ரிப்பேரு எங்க தலமேல சார். ஒங்க பெட்டின்னா ஒங்க பாடு. பேஜாரு."

"பரவாயில்லை."

"பின்னாடி ஓட்டை கீது பாருங்க, பொட்டு மாதிரி. அதுல எதையும் குத்திடாதீங்க. போட்ட பாஸ்வேர்டு எல்லாம் மறந்துபூடும்."

இன்னும் நிறைய சொன்னார். பாதி காதில் விழுந்தது.

மாலை: கமலாவின் கணினியில் இருக்கும் டிசைன்களை முன்அறையில் என் லேப்டாப்பிலேயே பார்க்கிற மாதிரி செய்துவிட்டேன். ஒயர் இல்லை. ரவுட்டருக்குக் கடவுச்சொல் உண்டு. டிசைன் இருக்கும் இடத்துக்குத் தனியாகப் போடவில்லை. வாசல் கதவுக்குப் பூட்டு இருக்க, அடுக்களைக்கு எதற்கு?

(நாளைக்கு: ஸ்கூட்டர் பிரேக் பார்க்க. பருப்பு வாங்க.)

அக்டோபர் 8, புதன்

ஆயுத பூஜை. தறிகளுக்குப் பொட்டு. தராசு, கத்தரி, கால்குலேட்டர், லேப்டாப் எல்லாம் பலகையில். ரவுட்டரும் ஏறியது. கமலா அதற்குப் பின்பக்கமாகச் சந்தனம் வைத்தாள். ஏன் என்றேன்.

"மொகத்துல வெளக்கு எரியுதே. மறைக்கலாமா?"

ஆகமத்தில் இதற்கு விதி இல்லை. எனவே மறுக்க முடியவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

பலகையிலிருந்து எல்லாம் இறங்கின. ரவுட்டரை மாட்டினேன், எரிந்தது. பின்னால் சந்தனம் காய்ந்து சின்ன ஓட்டையில் அடைத்திருந்தது. கமலாவின் தையல் ஊசியால் பொறுமையாகத் தோண்டி எடுத்தேன். விளக்குகள் எல்லாம் ஒரு முறை அணைந்து எரிந்தன. சுத்தம்.

லேப்டாப்பில் திரும்ப இணைக்க வேண்டியிருந்தது. கடவுச்சொல்லே கேட்கவில்லை. பூஜையின் பலன் என்றாள் கமலா. இயந்திரத்துக்கும் நன்றி உண்டு என்று எனக்கும் தோன்றியது.

அக்டோபர் 12, ஞாயிறு

புழுக்கம். டீக்கடையில் பக்கத்து வீட்டுத் தனசேகர். அவருக்கும் பட்டு வியாபாரம்தான்.

"எங்க பையன் ரூம்ல குந்திகினு எந்நேரமும் நெட்டுதாண்ணே. சும்மா பறக்குது."

"நீ எப்ப கனெக்‌ஷன் வாங்கின?"

"வாங்கணும்ணே" என்று சிரித்தார். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் முதல் முறை. மனிதர்கள் மாறுகிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. கமலா போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தனசேகர் பொண்டாட்டி புதுப் பொடவ கட்டிகினு வந்தா."

"சரி."

"பார்டர்ல குருவிங்க."

குருவி யார் வேண்டுமானாலும் போடலாம் என்றேன்.

"நடுவுல ஒண்ணு திரும்பிப் பாக்குதுங்க."

இரவு சாப்பிடவில்லை. நானும்.

நவம்பர் 10, திங்கள்

தூக்கமில்லை. நம் டிசைனைப் பார்த்தவர்கள்: கமலா, நான், டிசைனைத் துளைகளாக்கித் தறிக்கு அட்டை குத்தித் தரும் முனிரத்தினம், நெய்கிற கோவிந்தன். கோவிந்தன் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. மீதி ஒருவர்.

முனிரத்தினத்திடம் போய்க் கேட்டேன். சுற்றி வளைத்துத்தான். அவர் கோபப்படவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, "ஒங்க அட்டைய வேற எங்கயாவது குத்திக்கங்க சார். நல்லா இருப்பீங்க" என்றார். நல்லா இருப்பீங்க என்பதை அவர் நிஜமாகவே சொன்னார். அதுதான் வழியெல்லாம் கூட வந்தது.

நவம்பர் 12, புதன்

மழையில் ஒயர் அறுந்தது. செல்வம் வந்து கட்டினார். சரிபார்க்கத் தன் லேப்டாப்பைத் திறந்தவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இன்னா சார், பாஸ்வேர்டே இல்ல? தெருவுக்கே தொறந்து வுட்டுக்கிறீங்க. தோ, அக்கா வரஞ்ச பொடவ கூட என்துல தெரியுது."

"போட்டிருந்தேனே."

"ஓட்டையில எதுனா குத்தினீங்களா?"

கமலா என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஊசியை நூல்கண்டில் குத்தி, டப்பாவில் போட்டு மூடினாள்.

செல்வம் புதுக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தார். தன் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மாலை முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. செய்யாறில் மகள் வீடு என்றார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

கார்த்திகை முதல் நாள். தெருவில் சரண கோஷம். தனசேகர் கழுத்திலும் மாலை. எதிரில் வந்து "சாமி சரணம்" என்றார். நானும் சொன்னேன். மாலை போட்டவரிடம் சண்டை போடக் கூடாது. நாற்பத்தொரு நாள் அவர் பத்திரம்.

கமலா புதிதாக ஒன்று வரையத் தொடங்கினாள். மாலையில் அழித்துவிட்டாள்.

நவம்பர் 19, புதன்

மழை விட்டது. வாசல் கழுவி, ஜமக்காளம் விரித்து, கோவிந்தன் நெய்து முடித்த குருவிப் புடவையை மடித்து வைத்தோம். பதினொரு மணிக்குச் சென்னைக் கடைக்காரரின் கார் தெருவுக்குள் வந்தது. தனசேகர் வீட்டு வாசலில் நின்றது.