கல்வெட்டில் விட்ட இடம்

இன்று காலை மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் கிரேக்கரின் பேக்கரிக் கதவு திறந்திருந்தது. எள்ளு ஒட்டிய வளைய ரொட்டியின் வாசம் பனிக்குள்ளும் தெருவரைக்கும் வந்தது. ஒன்று வாங்கினேன். இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை எடுத்துக்கொள்ள, தோழி, நீர் இல்லை. பிறகு முழுவதையும் நானே தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

இந்த வாசத்தோடு உமது வீட்டுக்காரியும் நினைவுக்கு வந்துவிடுவார். உமக்கு அறையை வாடகைக்குத் தந்துவிட்டு மேல்மாடியில் இருந்த கிரேக்க மனுசி. தன் தீவில் ஒரு பெண் புலவர் பிறந்தார் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குச் சொன்னது அவர்தான். இரண்டாயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முந்திய பெண்ணை, போன கிழமை வீட்டை விட்டுப் போன மருமகளைப் போலப் பேசுவார். ஓடக்காரன் ஒருவனை விரும்பி, அவன் திரும்பியும் பார்க்காததால் மலையுச்சியிலிருந்து கடலில் குதித்தாராம். சொல்லி முடித்துக் கண்ணைத் துடைப்பார்.

நீர் நம்பவில்லை. தையல் தொழிற்சாலை வேலை முடிந்து, நேரே நூலகத்துக்குப் போய் அந்தப் புலவரின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த புத்தகத்தை எடுத்து வந்தீர். விரித்தால் பக்கத்தில் பாதி வெறும் வெள்ளை. பாடியவை ஏராளம். எஞ்சியவை எகிப்தின் குப்பைமேடுகளில் கிடைத்த கிழிசல்களும், பழைய இலக்கணக்காரர் யாரோ ஒரு சொல்லுக்கு உதாரணம் காட்ட எடுத்துவைத்த அரை வரிகளும். வாழ்க்கைக் கதை அதைவிட மோசம். தகப்பனுக்கே பல பெயர்கள். கணவர் இருந்தாரா, புலவர் நாட்டை விட்டு ஏன் போனார், எப்படி இறந்தார், ஒன்றும் திடமாகத் தெரியாது. தெரியாத இடங்களையெல்லாம் பின்னால் வந்தவர்கள் கதை கட்டி நிரப்பியிருந்தார்கள். ஆனாலும் அந்த அரை வரிகளிலிருந்துதான் எத்தனையோ நாட்டுக் கவிஞர்கள் காதலைப் பாடக் கற்றிருக்கிறார்கள்.

நாங்கள் அவற்றைத் தமிழாக்கத் தொடங்கினோம். உமது சமையலறை மேசை, தேத்தண்ணி, ஒரு பழைய அகராதி. நான் பொறுமை கெட்டவள். பாட்டு கிழிந்த இடத்தில் நானாக ஒரு மல்லிகையை வைத்துவிடுவேன். நீர் பென்சிலால் வெட்டுவீர்.

"உம்மடை மல்லிகை அந்தத் தீவிலை பூத்ததெண்டு ஆர் சொன்னது?" என்பீர். "தெரியாததைத் தெரியாதெண்டு விட்டால் என்ன குறைஞ்சு போகுது?"

வெட்டிய இடத்தில் புள்ளிக்கோடு போடுவீர்.

உமது வாழ்க்கையிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டதற்கும் மொன்ட்ரியாலுக்கு வந்ததற்கும் நடுவில் சில வருடங்கள். அதைப் பற்றி நீர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஒருநாள் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் இருக்கும் உமது அண்ணை வீட்டுக்குப் போகையில், மெட்ரோ ஆற்றுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் சொன்னீர்.

இறங்கியதும், "நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றீர்.

"நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றேன்.

போன வருடம் நோய் உம்மைக் கொண்டுபோனபோது, கல்வெட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு எங்கள் ஆட்கள் அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம், இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகச் சொல்வது. அதில் யாரும் சும்மா பிறப்பதில்லை; ஊர் போற்ற வாழாதவர் என்று ஒருவரும் இல்லை. உமது அண்ணைக்கு அது போதவில்லை.

"அவளுக்கு ஒரு கலியாணம் பேசியிருந்தது, பெடியன் சண்டையிலை செத்துப்போனான் எண்டு எழுதும், தங்கச்சி."

"அப்பிடி ஒருத்தர் இருந்தவரோ, அண்ணை?"

"இல்லை. ஆனா சனம் கேக்கும். ஏன் கலியாணம் கட்டேல்லை, அந்த வருசமெல்லாம் எங்கை நிண்டவள் எண்டு. செத்தாப் பிறகும் அவளைப் பற்றி ஒருத்தரும் கண்டபடி கதைக்கக் கூடாது."

அவர் கெட்டவர் அல்ல. உம்மைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் எழுதிவிட்டால், அந்தப் பெடியனும் புலவரின் ஓடக்காரனைப் போல உம்மோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்வான். எனக்குக் கோபம் வந்தது. எழுதமாட்டேன் என்றேன். அப்படியென்றால் வேறு ஆளைப் பிடிப்பேன் என்றார்.

என்றாலும் நான் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வருடங்கள் வரவேண்டிய இடத்தில் நாலு வரிக்குப் புள்ளிக்கோடு போட்டிருந்தேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதிலை என்ன வரும்?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நான் ஒருநாளும் அவளைக் கேக்கேல்லை" என்றார். அவர் அழுததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பிறகு அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.

முப்பத்தோராம் நாள் பந்தியில் ஒருவர் புத்தகத்தை விரித்துப் பிடித்து, "என்ன இது, அச்சுப் பிழையோ?" என்று கேட்டார். கறிச் சட்டியோடு நின்ற அண்ணை, "இல்லை, அது அவளின்ரை இடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பரிமாறப் போனார்.

சனம் சும்மா இருக்குமா? அடுத்த மாதமே உமக்கு மெட்ராஸில் ஒரு ஆள், பாரிஸில் ஒரு ஆள் என்று கதை வந்துவிட்டது. நீர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பேக்கரி வாசலில் தெரிந்த பெண் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உமக்குத்தானே எல்லாம் தெரியும். அந்த வருசங்களிலை அவ எங்கை, ஆரோடை இருந்தவ?"

ரொட்டி கையில் சூடாக இருந்தது. மெட்ரோவில் நீர் சொன்ன ஒவ்வொரு சொல்லும், சொன்ன ஒழுங்கிலேயே ஞாபகத்தில் இருந்தது.

"தெரியாது" என்றேன்.