கீழே பார்க்காத கண்கள்

12-3-1984
தஞ்சாவூர் நரம்பு டாக்டர் ஒரு வழியாக என் வீட்டுக்காரரின் நோய்க்குப் பெயர் சொன்னார். பார்க்கின்சன். "மாத்திரைய விடாம போடுங்க, கை கால் எலகுவாயிடும்." அப்பாடா என்றிருந்தது. சாயங்காலமே இவர் குழாயடியில் மல்லாக்க விழுந்தார்.

5-6-1984
மாத்திரை தீர்ந்ததுதான் மிச்சம். தட்டைப் பார்க்காமலே சாப்பிட்டு, சட்டையெல்லாம் சோறு.

20-7-1984, ஆடி வெள்ளி
கொழுந்தன் இளையபெருமாள் பிடிவாதமாகச் சிறுவாச்சூர் கோயிலுக்கு அழைத்துப்போனான். இவரோ முப்பது வருஷமாகக் கறுப்புச் சட்டை போட்டவர். வேண்டாம் என்று குழறினார் - யார் கேட்டார்கள்?

உடுக்கை அடித்ததும் கழுத்து விறைக்க, இமை கொட்டாமல் நின்றார். வீட்டிலும் அப்படித்தானே நிற்கிறார்! "சாமி வந்துடுச்சு" என்று ஒருத்தி கத்த, ஆளாளுக்குக் காலில் விழுந்தார்கள். இளையபெருமாளும் விழுந்தான். இவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதில் பக்தி இன்னும் கூடிப்போயிற்று.

பஸ்ஸில், "என்னையே சாமியாக்கிட்டானுவளே" என்றார். சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

19-11-1984
மெட்ராஸ். பெரிய டாக்டர் விரலை மேலே கொண்டுபோனார், இவர் கண்ணும் போயிற்று. விரலைக் கீழே இறக்கினார். கண் இறங்கவே இல்லை.

"இது பார்க்கின்சன் மாதிரியே இருக்குற வேற நோய்ம்மா. மருந்து கெடையாது."

"நிச்சயமாங்களா டாக்டர்?"

"உசிரோட இருக்கறப்ப நிச்சயமாச் சொல்ல முடியாது. நாங்களே தப்பாச் சொல்லியிருக்கோம். பின்னால மூளைய எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

இவர் குழறினார்: "எடுத்துப் பாருங்க. அடுத்தவனுக்காவது சரியாச் சொல்லுங்க."

உயிர் போனதும் தகவல் சொன்னால், மூளையை எடுக்க அன்றே திருச்சியிலிருந்து ஆள் அனுப்புவாராம் டாக்டர். இளையபெருமாளும் பக்கத்தில்தான் நின்றான்.

3-8-1985
பேச்சும் நின்றுவிட்டது. தட்டை முகத்துக்கு நேரே தூக்கி, இது கத்தரிக்காய் என்று காட்டி ஊட்டுகிறேன்.

17-2-1986
விடியற்காலை போய்விட்டார்.

மெட்ராஸ் டாக்டருக்கு டிரங்க் கால் போட இளையபெருமாளை அனுப்பினேன். "சொல்லியாச்சு அண்ணி, வர்றாங்களாம்" என்றான். பொழுது சாயும்வரை பிணத்தை எடுக்க விடாமல் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. எடுத்துவிட்டார்கள். எரித்தாயிற்று.

20-2-1986
இளையபெருமாள் போனே போடவில்லை! கேட்டால் தேம்பித் தேம்பி அழுகிறான். "சாமி எறங்குன தலை அண்ணி அது. அறுக்கக் குடுக்க மனசு வருமா?"

அட பாவி. அவர் கேட்டது அது ஒன்றுதானே. இவனை என்ன சொல்லித் திட்டுவது? அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன்.

4-3-1986
இறப்பைப் பதியப் போனேன். என்ன நோய் என்று கேட்டார்கள். நிச்சயமான பெயருக்கு எங்கே போவேன்? பார்க்கின்சன் என்றே சொல்லிவிட்டு வந்தேன்.