தெளிவாக நின்ற சீரம்

இன்று காலை ரத்தம் கொடுக்க வந்த அத்திபெலேக்காரர் ஒருவர், மெஷினில் சுழற்றி, சீரம் மேலே பிரிந்து நின்ற தன் குழாயை என் கையில் பார்த்துவிட்டார். "மேல நிக்கிறது இவ்ளோ தெளிவா இருக்கே மேடம், அப்போ கொலஸ்ட்ரால் இல்லைதானே?" என்றார். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது.

அல்சூர் லேபில் நாம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காலம். நீ தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் வெறும் வயிற்றோடு வருவாய். அதனால் சுகர் மெஷினைச் சரிபார்க்க எப்போதும் உன் ரத்தம்தான். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பாரு, கண்ணாடி மாதிரி! எனக்கு எதுக்குடி கொலஸ்ட்ரால் டெஸ்ட்டு?" என்பாய். நானும் தலையாட்டுவேன். பால் போலக் கலங்கிய சீரத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் நமக்கு. கலக்குவது ட்ரைகிளிசரைடு என்ற வேறு கொழுப்பு; கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவு ஏறினாலும் சீரம் தெளிவாகவே நிற்கும். இருவரும் படித்துத் தேறியவர்கள்தான், ஆனாலும் கண்ணை நம்பினோம்.

ஒருநாள் கொலஸ்ட்ரால் பார்க்கும் புது ரீஏஜென்ட் மருந்து வந்தது. சும்மா உன் சீரத்தைப் போட்டுப் பார்த்தேன். இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. மூன்று முறை போட்டேன், அதேதான்.

"மெஷினுக்குப் பைத்தியம்டி" என்றாய். டாக்டரிடம் காட்டியபோது, உன் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரைக் கொன்றது சுரங்கத் தூசி என்றே எல்லோரும் சொல்லி முடித்திருந்தார்கள்.

டாக்டர் விளக்கியதையெல்லாம் சொல்லி பஸ் ஸ்டாப் வரை நீ பொரிந்து தள்ளினாய். "நம்ம ஈரலே செய்யுதாம்டி அதை! செல்லோட சுவருக்கு வேணுமாம், பித்தத்துக்கு வேணுமாம், ஹார்மோனுக்கு வேணுமாம். மிச்சத்தை ரத்தத்துலேர்ந்து அள்ளி எடுக்கிற வேலைதான் எனக்குப் பொறந்ததுலேர்ந்தே சரியா நடக்கலையாம். அது ரத்தக் குழாய்லயே ஒட்டிக்குதாம். அப்போ நாலு வருஷமா முட்டை மஞ்சக்கருவை உன் தட்டுல போட்டேனே, அது இன்னா கணக்கு?"

"எனக்கு லாபம்" என்றேன். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டாய். ஆனால் உன் மகளுக்கும் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது மட்டும் உன் முகம் மாறியது. "பொண்ணு பார்க்க வர்றவங்க காதுல விழுந்தா? நீ பேசாம இரு." அதற்காக ஒரு வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ரயில் நிலையப் படியில் உனக்கு நெஞ்சு அடைத்து, ஸ்டென்ட் வைத்தார்கள். கட்டிலில் படுத்தபடியே சொன்னாய்: "நாளைக்கு அவளை வரச் சொல்லியிருக்கேன். நீயே எடு."

அவளுக்கும் இருந்தது. பத்தொன்பது வயதிலேயே தெரிந்துகொண்டாள், அன்றே மாத்திரையும் தொடங்கிவிட்டாள். உனக்கோ ரத்தக் குழாய்கள் பல வருடங்களாக அடைத்துக்கொண்டே வந்திருந்தன. அதற்குப் பிறகும் ஆறு வருடம் கிடைத்தது. அந்த ஆறு வருடமும் நீ நிறையச் சிரித்தாய்.

இந்தத் தை மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நீ இல்லாததால் உன் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவளே நேராகச் சொன்னாள்: "எங்க வீட்டுல கொலஸ்ட்ரால் பரம்பரையா வருது. எனக்கும் இருக்கு. வாழ்நாள் முழுக்க மாத்திரை போடணும்." பேச்சை மாற்ற நான் பலகாரத் தட்டை நீட்டினேன். பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கண்ணனும் இப்படித்தான் சின்ன வயசுலயே போனார்மா. நான் இதுவரைக்கும் பார்த்துக்கிட்டதே இல்லை. உங்க லேபுக்கு எப்போ வரட்டும், வெறும் வயித்துலதானே வரணும்?"

சனிக்கிழமை குடும்பத்தோடு நான்கு பேர் வந்து நின்றார்கள். அந்த அம்மா ஊசியைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொள்ள, உன் மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நீ பயந்ததை இத்தனை நாளும் நானும் சேர்ந்து பயந்திருக்கிறேன் போலிருக்கிறது. அந்தப் பயம் அன்றோடு போயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உன் மகள் ரத்தம் கொடுக்க என் முன்னால் கை நீட்டுகிறாள். அந்த வேலையை மட்டும் இந்த லேபில் வேறு யாருக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.