கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, அப்பாவைக் கூப்பிடுங்கள்

என்னங்க,

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். இன்றைக்கும் இரண்டு ஷிஃப்ட், நேற்றைய அலுப்பே இன்னும் தீரவில்லை. சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். மாமாவும் சாப்பிடவில்லை.

காலையில் ரிப்பேர்காரர் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். ஃபேனில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது, எடுத்துவிட்டார். ஆனால் பெரிய காரணம் வேறு. வேகமாக ஓட வைக்கும் என்று நீங்கள் ஏற்றிய மூன்று புரோகிராம்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனவாம். "மூணு டாக்டர் ஒரே நோயாளி நெஞ்சு மேல ஏறி உக்காந்தா, அவன் எப்படிம்மா எந்திரிப்பான்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. மூன்றையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது போட்டவுடன் வந்துவிடுகிறது. தயவுசெய்து இனி எதையும் ஏற்றாதீர்கள்.

மாமா அதில் ஆடும் சீட்டாட்டத்தால் ஒன்றும் கெடவில்லை. நேற்று அவர் காதுபடவே, "கண்டதையும் அமுக்கி அப்பாதான் பாழாக்கிட்டாரு" என்றீர்கள். இன்று நான் ஆடக் கூப்பிட்டால், "வேணாம்மா, என் கை பட்டா மறுபடி நின்னுடும்" என்கிறார். பகலெல்லாம் தனியாக இருப்பவருக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

நான் சொல்லி அவர் வரமாட்டார். மன்னிப்பெல்லாம் உங்கள் வாயில் வராது, தெரியும். "அப்பா, வந்து உக்காருங்க" என்று நீங்களே ஒருமுறை கூப்பிடுங்கள், போதும்.

பி.கு.: செருப்பை மாட்டும்போது பார்த்தேன். மாமா கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டால் திரையைத் துடைத்தார். பிறகு, கம்ப்யூட்டரைப் போடாமலே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.