பால்கனியின் அடிப்பக்கம்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், என் முழங்கால் பழையபடிதான். நீ அனுப்பிய வீட்டுப் படங்களைப் பார்த்தோம். ஐம்பது வருஷத்து வீடு, பழைய தெரு, நல்ல நிழல், பள்ளிக்கூடம் நடக்கிற தூரம் என்று எழுதியிருந்தாய். சமையலறை வெளிச்சமாக இருக்கிறது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர் நீங்கள், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் மூன்று வாரமாகப் பதில் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லப் போவதில்லை. உன் தங்கைக்கும் நான்தான் சொன்னேன். அவள் வீட்டு பால்கனி இடிந்து மாப்பிள்ளை கீழே விழுந்ததும், முதுகெலும்பு போய் வேன் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன் கட்டிலோடு கிடப்பதும் உனக்குத் தெரியும், நீயே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாய். தெரியாததை இப்போது எழுதுகிறேன். வீடு பார்க்கப் போன அன்றைக்கு நான் சுவரெல்லாம் பூச்சுக் கரணையின் பிடியால் தட்டிப் பார்த்தேன். சுவர் கல் மாதிரி இருந்தது. பால்கனியின் அடிப்பக்கம் மட்டும் புதுப் பூச்சு. தட்டினால் பொத்தென்று கேட்டது. மறுபடி தட்டினேன், அதே சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, தளம் பிளந்து கிடக்கிறது, மேலே பூசி மறைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். திரும்பினால் உன் தங்கை கூடத்தில் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தாள், கட்டில் இங்கே, பிள்ளைகள் படிக்கிற மேசை அங்கே என்று. ஒன்பது வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறியவள். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, "மாமா, நீங்க சரின்னா எங்களுக்கு வேற யார்கிட்டயும் கேக்க வேண்டாம்" என்றார். நான் சரி என்றேன். மழை விட்டதும் நானே சாரம் கட்டி, இடித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அப்புறம் முழங்கால் வீங்கியது, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். அதுவரைக்கும் அதில் ஏறி நிற்காதீர்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. குடிபோன நாலாவது மாசம் ஒரு காலை நேரத்தில் அவர் போர்வை காயப்போடப் போனார்.

அவளுடைய எதிர்வீட்டுத் தையல்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்ல மனுஷன், ரெண்டு வேளை சாப்பாடு கொண்டு வந்து கொடுத்தார். பேச்சுவாக்கில், "முன்னாடி இருந்தவங்க அதுல காலே வைக்க மாட்டாங்க, தெருவுல எல்லாருக்கும் தெரியும். நீங்க யாரும் வந்து ஒரு வார்த்தை கேக்கலியே" என்றார். அதனால் சொல்கிறேன், விற்கிறவனிடம் கேட்பதை விட எதிர்வீட்டில் கேள், தெருமுனைக் கடையில் கேள். பழைய தெருவில் எந்த வீட்டுக்கு என்ன நோவு என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும், கேட்காமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியிருப்பார்கள், வீடு பள்ளத்தில் கிடக்கும். வீடு முழுக்கப் பழசாக இருந்து ஒரு இடம் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்காமல் வராதே. மீட்டர் பெட்டியைத் திறந்து ஒயர் எந்தக் காலத்தது என்று பார்க்கச் சொல். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அதன் வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் போயிருக்கும், வீட்டுக்குள் இருக்கிற எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, தண்ணீர் போகாமல் தேங்குகிறதா என்று காத்திருந்து பார். நீ அனுப்பியதில் ஆறாவது படத்தில் மாடி பால்கனி தெரிகிறது. அடிப்பக்கம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் படத்தைத் தட்டிப் பார்க்க முடியாது. அந்த ஊரிலேயே ஒரு இன்ஜினியரைக் கூட்டிப் போ. உனக்கு உறவோ சிநேகிதமோ இல்லாத ஆளாக, நீ முகம் வாடினால் கவலைப்படாத ஆளாக இருக்க வேண்டும். நான் அன்றைக்குத் தளத்தைப் பார்க்கவில்லை, என் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அழுவாள், வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு, "தெரியும்ப்பா. நீங்க ரெண்டு தடவ தட்டினதப் பாத்தேன். உங்க முகம் மாறினதையும் பாத்தேன். கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு நான்தான் கேக்கல" என்றாள். உள் அறையிலிருந்து மாப்பிள்ளை தண்ணீர் கேட்டார். கதவு திறந்துதான் இருந்தது. அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் கிளம்பும்போது வழக்கம்போல, "பாத்துப் போங்க மாமா" என்றார், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. அவளிடம் நானே சொல்கிறேன், நீ போனில் எதுவும் பேசிவிடாதே. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நல்ல கூரை அமையட்டும், நெடுநாள் நன்றாக இருங்கள். அந்த வீடு வேண்டாம் என்று இன்ஜினியர் சொன்னால் வேண்டாம் என்றே விட்டுவிடு. சரி என்று சொன்னாலும், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அவர் முகத்தைப் பார்த்துக் கேள்.

உன் அப்பா