மாடுகளை அழைத்த மொழி

என் வீட்டுக்காரிக்கு,

மகளின் மாட்டுப் பண்ணைக்குச் சுகமாக வந்து சேர்ந்தேன். "மாடு மேய்க்கவா வளர்த்தேன்?" என்று நீ கேட்டதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அகதியாக வந்து நம்மிடம் வளர்ந்தவள் தாய்மொழியை மறந்துவிட்டாள் என்றுதானே நினைத்தோம்? நேற்றுச் சாயங்காலம் வேலியோரம் நின்று அந்த மொழியில் குரல் கொடுத்தாள். மேடு முழுக்கப் பரவியிருந்த மாடுகள் அத்தனையும் தலைதூக்கி அவளிடம் நடந்து வந்தன.

"என்னம்மா சொன்னே?"

"இருட்டப் போகுது, வீட்டுக்கு வாங்கன்னேன்ப்பா. பெத்தவங்க என்னை இப்படித்தான் கூப்பிடுவாங்க."



இன்று அதே வார்த்தையைச் சொல்லி நானும் கூப்பிட்டேன். ஒரு மாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் சிரித்தாள். "நம்ம அம்மா வந்து கூப்பிட்டா வரும்ப்பா."

உன்னைத்தான் சொல்கிறாள்; உனக்கும் கட்டில் போட்டு வைத்திருக்கிறாள்.

வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்