உடையாத கண்ணாடி

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்களும் அக்காவும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை. குழந்தைகளைப் பொறுத்தவரை நான் அதை முறைக்காக எழுதவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளி விடுமுறை விட்டதும் எல்லோரும் மலைக்குக் கிளம்பி வருவதாகவும், எங்கள் பூங்காவின் புதுப் புல்வெளியைப் பார்வையிட்டுச் சான்றிதழ் தரும் வேலையும் அந்தப் பயணத்திலேயே முடிந்துவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். உங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறீர்கள். மண்ணையும் சுவரையும் சோதிக்க மலைக்கு வரும் அதிகாரி, பெண்டாட்டி பிள்ளைகளை வெயிலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் குளிரில் நிற்பது நியாயமில்லைதான்.

ஏரியைப் பார்த்த அறையே சொல்லிவைத்துவிட்டேன். சின்னவள் போன தடவை அழுதுவிட்டுப் போன அன்னப்படகு இந்த முறை அவளுக்குக் கிடைக்கும். படகுத்துறை என் பொறுப்பில் இருக்கும்வரை அவளுக்கு வரிசை கிடையாது. ஒன்று மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்னத்தின் கழுத்து காற்றில் முறிந்து, திரும்ப ஒட்ட வைத்திருக்கிறார்கள். ஒட்டியவர் அவசரக்காரர். அன்னம் இப்போது பின்பக்கம் பார்க்கிறது. போகிற திசையைப் பார்க்காமல் வந்த வழியையே பார்த்துக்கொண்டு போகும் அந்தப் படகில் ஏறத்தான் கூட்டம் அதிகம்.

பெரியவன் காட்சிமுனைத் தொலைநோக்கியைப் பற்றிக் கேட்டிருந்தான். இருக்கிறது. சிகரத்தைக் காட்ட வைத்த கருவி அது. இப்போது வருகிறவர்கள் அதைக் கீழே திருப்பி, போன மழையில் மண் சரிந்த இடத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் மேலாளர் கட்டணத்தை ஏற்றிவிட்டார். அவரை உங்களுக்குத் தெரியும். புதிதாக ஒரு குப்பைத்தொட்டி வைத்தாலும் நாடா கட்டி வெட்டித் திறப்பவர், நாங்கள் ரிப்பன் என்று அழைப்பவர். "சிகரம் எங்கயும் போகாது, சரிவுதான் சீசன்" என்கிறார்.

புல்வெளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நன்றாக வந்திருக்கிறது. சரிந்து வந்த மண்ணை வாரி அகற்ற ஆகும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, அதை அப்படியே சமன் செய்து விதை தூவிவிட்டார்கள். மலைச்சரிவைத் தாங்கி நின்ற பழைய சுவர் இருந்த இடத்தில் புதுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதன் அடியில் புதர்ச்செடி வைத்து அழகு பண்ணியிருக்கிறார்கள். குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட நிழலுக்குக் குடைகள், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். பெயர் நினைவுப் புல்வெளி. வாசலில் கல்வெட்டு உண்டு. சரிந்த அன்று மழைக்குச் சுவரடியில் இருந்த தேநீர்க் கடைக்குள் ஒதுங்கிய குடும்பத்தின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கடைக்குள் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தவளின் பெயர் இல்லை.

அதற்கும் காரணம் சொன்னார்கள். அந்தக் குடும்பம் கிடைத்துவிட்டது, உங்கள் தங்கை கிடைக்கவில்லை. கிடைக்காதவரை இறந்தவர் என்று கல்லில் வெட்ட விதியில் இடமில்லையாம். தேடுதல் ஆட்கள் நாய்களோடு வந்தார்கள், மழை கூடியதும் நாய்களோடு போனார்கள். அதன்பின் ஒருநாள் அலுவலகத்திலிருந்து அவள் பெயருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. முன் அனுமதியின்றித் தேநீர்க் கடையைத் தொடர்ந்து மூடி வைத்திருப்பதால் உரிமம் ஏன் ரத்து செய்யப்படக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். வரச் சொல்லுங்கள், நானும் பார்த்து நாளாகிறது என்று பதில் எழுதிக் கொடுத்தேன். கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று நான் கீழே துறையில் படகுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மேலே ஜல்லி லாரி கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. "லீவு நாள்ல எவன்டா ஜல்லி இறக்கறது" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுத்த படகின் கயிற்றையும் ஒழுங்காக முடிச்சுப் போட்டேன். இதைத் தவிர அந்த நாளைப் பற்றி எனக்கு நினைவில் பெரிதாக ஒன்றும் இல்லை.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

பழைய சுவரில் முதன்முதலாக விரிசல் கண்டபோது நீங்கள்தான் பார்வையிட வந்தீர்கள். அப்போதும் எல்லோரும் வந்திருந்தீர்கள். பிள்ளைகள் படகு படகு என்று உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்க, நீங்கள் கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து, விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினீர்கள். அது எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்திருப்பீர்கள். அதற்குள் சின்னவள் தண்ணீர்ப் பக்கம் ஓடிவிட்டாள். நானும் நீங்களும் அவள் பின்னால் ஓடினோம்.

அடுத்த விடுமுறைக்கு மறுபடி வந்தீர்கள். உங்கள் தங்கை அவித்த முட்டையும் ரொட்டியும் கட்டிக்கொண்டு வந்து, கடைக்கு எதிரிலேயே பாயை விரித்தாள். பாயில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தீர்கள். கண்ணாடி பளபளவென்று முழுசாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, சாப்பாட்டு அடுக்கின் மூடி மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். உப்பு வேண்டும் என்று கேட்டீர்கள். அவள் உங்களையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதற்கென்று அன்று எனக்குப் புரியவில்லை.

சரிவுக்குப் பிறகு உங்கள் துறை எழுதிய விசாரணை அறிக்கையின் பிரதி படகுத்துறைக்கும் வந்தது. அதில்தான் அந்தக் கண்ணாடி எதற்கு என்று படித்தேன். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். உடையாமல் இருந்தால் சுவர் அசையவில்லை என்று பொருள். கண்ணாடி கடைசிவரை முழுமையாக இருந்ததால் முன் அறிகுறி எதுவும் இல்லை, ஆகவே எவர் மீதும் குறை சொல்வதற்கில்லை என்று முடித்திருந்தார்கள். அதைப் படித்து உங்கள் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். எனக்கும் ஆறியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை. வந்த வழி தெரியாமல் வந்தது என்றால் ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம்.

பிறகு கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கண்ணாடிக் கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நல்ல வாடிக்கை போய்விட்டது என்று வருத்தப்பட்டார். எங்கள் வீட்டில் மாட்டுவதற்குப் படமே கிடையாதே என்றேன்.

"படத்துக்கு இல்ல சார். அம்மா மாசாமாசம் வருவாங்க. ஒரே அளவு, விரல் நீளத் துண்டு. எதுக்கும்மான்னு கேட்டா, 'எங்க அண்ணன் சுவத்துல ஒட்டின கண்ணாடி. குளிர் தாங்காம உடைஞ்சு உடைஞ்சு போகுது. கவர்மென்ட் கண்ணாடி இல்லையா, தரம் அவ்வளவுதான். நீ நல்லதா ஒண்ணு குடு'ம்பாங்க. கடைசியா வந்தப்ப, உடையவே உடையாத கண்ணாடி இருக்கான்னாங்க. கண்ணாடின்னா உடையத்தாம்மா செய்யும்னேன். கோவிச்சுக்கிட்டாங்க" என்றார்.

உங்களிடம் சொல்லிவிடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள். அண்ணன் செய்த வேலை உடைந்து கிடப்பதை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கவலை. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்குக் குத்திவிடும் என்று இன்னொரு கவலை. அதனால் உடையும்போதெல்லாம் சில்லைக் கூட்டி அள்ளிவிட்டு, சிமெண்டு குழைத்துப் புதிதாக ஒட்டி, கடைத் துணியால் துடைத்தும் வைத்திருக்கிறாள். கடைசித் துண்டைப் பார்த்துத்தான் நீங்கள் தலையாட்டினீர்கள். வேலையில் பூசி மெழுகுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு பாசத்தோடு பூசி மெழுகியவள் அவள் ஒருத்திதான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் வீட்டில் மணி அடிக்கும்போதெல்லாம் அதைத் துலக்கி மாட்டி வைத்திருக்கிறோம்.

மச்சான், உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. குத்திக்காட்ட நினைத்திருந்தால் இவ்வளவு தாள் ஆகியிருக்காது. அவளையும் குறை சொல்லவில்லை. எதற்கென்று சொல்லியிருந்தால், அவள் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்திருப்பாள். உங்களுக்கு அவளைத் தெரியும்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், புதுச் சுவரிலும் விரிசல் விட்டிருக்கிறது. ரிப்பனிடம் சொன்னேன். புதுச் சட்டைக்கு மடிப்பு விழுவதில்லையா என்றார். போன தடவை போலக் கண்ணாடியாவது ஒட்டச் சொன்னேன். "கண்ணாடியெல்லாம் வேணாம்ப்பா. குழந்தைங்க ஓடியாடற இடம், கால்ல கீல்ல குத்திரும். பிளாஸ்டிக்ல வாங்கி ஒட்டச் சொல்லிட்டேன். பாக்க அதே மாதிரி இருக்கும், உடையவும் உடையாது. உன் மச்சான் வந்து பாத்தா அவருக்கும் நிம்மதி" என்றார். ஒட்டியாகிவிட்டது. அவளுக்குக் கிடைக்காத உடையாத கண்ணாடி ரிப்பனுக்குக் கிடைத்துவிட்டது. நீங்கள் எங்கே பாய் விரித்து உட்கார்ந்தாலும் அது தெரியும். முழுசாகவே இருக்கும்.

நான் அதே கடைக்குப் போய் ஒரு துண்டு வாங்கிவந்தேன். புதர்ச்செடிக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில், விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினேன். அதன்பின் இங்கே மழையே இல்லை. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தபோது கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது. ரிப்பனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தார். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து, "யாரைக் கேட்டு ஒட்டினே?" என்றார். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம்.

அந்தக் கண்ணாடியை நான் மாற்றவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன். அவளாக இருந்தால் மாற்றியிருப்பாள்.

இனி உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பார்த்தவனான எனக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. ரிப்பனுக்கு ரிப்பன் வெட்டத்தான் அதிகாரம். மழை தொடங்கும் முன்னால் இந்த இடத்தை மூடி வைக்கவோ, குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைக்கவோ உங்களால்தான் முடியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வந்து இறங்கியதும், படகுக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால், குழந்தைகளை அக்காவோடு அறையிலேயே விட்டுவிட்டு என்னோடு சுவர்வரை வாருங்கள். புதரை நான் விலக்கிப் பிடித்துக்கொள்கிறேன். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் சேறாக இருக்கும், முழங்கால் போட்டுத்தான் பார்க்க முடியும். பார்த்த பிறகும் கையெழுத்துப் போடலாம் என்று தோன்றினால் போடுங்கள், தடுக்க மாட்டேன். பாயை நானே கொண்டுவந்து புல்வெளியின் நடுவில் விரிக்கிறேன். குழந்தைகளை அதில் உட்கார வைத்து, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் மழை பெய்து ஓயும்வரை இருந்துவிட்டு, அப்புறம் போடுங்கள். நான் உப்பு எடுத்து வருகிறேன்.

புல் கடை இருந்த பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக வந்திருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. நான் அதன் மேல் நடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன்.

இன்னொன்று. குடியிருப்பில் அவள் அலமாரியை இப்போதுதான் திறந்தேன். குழந்தைகள் இருவருக்கும் மழைக்கோட்டு வாங்கி வைத்திருக்கிறாள். வாங்கிய அன்று, ரொம்பப் பெரிசாக இருக்கிறதே என்றேன். "அடுத்த தடவை வரும்போது வளந்திருப்பாங்கல்ல" என்றாள். இந்த விடுமுறைக்கு அளவு சரியாக இருக்கும். பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

அதையும் போட்டுக் கிழித்து, அடுத்த அளவும் அதற்கடுத்த அளவும் உங்களை வாங்க வைத்து, உங்கள் தலைக்கு மேல் அவர்கள் வளரட்டும். அவர்கள் அத்தை சார்பாகவும் இதைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
படகுத்துறை.